சிறிய அவுட்போர்டு எஞ்சினில் பேட்டரி சார்ஜிங் பொருத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பையில் ட்ராம்பே, மாஹுல், மாஹிம், வெர்சோவா, கொராய் ஆகிய இடங்களிலிருந்து கிளம்பும் சிறிய ஃபைபர் படகுகள் பலவற்றில் கயிறு இழுத்துக் கிளப்பும் அவுட்போர்டு எஞ்சின், அதாவது படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்தான் இருக்கிறது. அந்த எஞ்சின் ஓடுவதற்குப் பேட்டரி தேவையில்லை. ஆனால் இரவு விளக்கு, மீன் காட்டும் கருவி, வி.எச்.எஃப். வயர்லெஸ் பெட்டி, செல்போன் என்று படகில் ஏறியவை அனைத்துக்கும் பேட்டரி தேவைப்படுகிறது. கரைக்கு வந்ததும் அதைத் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போடும் பாட்டைக் குறைக்க முடியுமா என்று இங்குள்ள தமிழ்ப் படகுக்காரர்களும், சயான், தாராவி பக்கத்து மெக்கானிக் தம்பிகளும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. 4 முதல் 15 குதிரைத்திறன் வரையுள்ள எஞ்சின்களை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

என் எஞ்சினில் சார்ஜிங் காயில் (எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் தரும் கம்பிச் சுருள்; லைட்டிங் காயில் என்றும் சொல்வார்கள்) ஏற்கெனவே இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மேல் மூடியைக் கழற்றி, ஃப்ளைவீலுக்கு (எஞ்சினின் உச்சியில் சுழலும் காந்தம் பதித்த சக்கரம்) அடியிலிருந்து வெளியே வரும் வயர்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து பாருங்கள். சி.டி.ஐ. பெட்டிக்கு, அதாவது ஸ்பார்க்கை உண்டாக்கும் மின்னணுப் பெட்டிக்குப் போகிறவை இக்னிஷனுக்கு உரியவை. அவற்றைத் தவிர வேறு இரண்டு வயர்கள், பெரும்பாலும் மஞ்சள் அல்லது பச்சை நிறத்தில், எங்கும் இணைக்கப்படாமல் ஓரமாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தால் அது லைட்டிங் காயிலாக இருக்க வாய்ப்பு அதிகம். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து அந்த இரண்டு வயர்களுக்கு இடையே அளந்து பாருங்கள்: லைட்டிங் காயில் என்றால் ஒரு ஓமுக்குக் கீழேயோ அதையொட்டியோ காட்டும், இக்னிஷனுக்கு மின்சாரம் தரும் காயில் பொதுவாக நூற்றுக்கணக்கான ஓம் காட்டும். பிறகு மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு மாற்றி, எஞ்சினை ஓடவிட்டு அளந்தால், வேகம் ஏற ஏற வோல்ட்டும் ஏறுவது தெரியும்.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானுக்குப் போகும் வயரில் பேட்டரியின் 12 வோல்ட்டை ஒருபோதும் தொடவிடக் கூடாது. அந்த வயர் நேராக சி.டி.ஐ. பெட்டிக்குள் போகிறது, ஒரு நொடித் தொடுதலில் பெட்டி கெட்டுப்போகலாம். எந்த வயர் எது என்று தெளிவாகும் வரை பேட்டரியைப் படகில் ஏற்றாமலே வேலை செய்யுங்கள்.

காயில் இல்லை என்றால் புதிதாகப் போட முடியுமா?

அது எஞ்சின் மாடலைப் பொறுத்தது. 4 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட பல மாடல்களுக்கு நிறுவனமே காயிலையும், ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் ரெக்டிஃபையரையும் கூடுதல் பொருளாக விற்கிறது. அவற்றில் காயிலைத் திருகிப் பொருத்தும் மேடைகள் ஃப்ளைவீலுக்கு அடியிலுள்ள ஸ்டேட்டர் தட்டில் முன்பே வார்க்கப்பட்டிருக்கும். 2 அல்லது 2.5 குதிரைத்திறன் எஞ்சின்கள் பலவற்றில் காயிலுக்கான இடமோ, அதற்கேற்ற காந்தமோ ஃப்ளைவீலில் இருப்பதில்லை. ஆகவே எஞ்சினின் மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் வைத்து உதிரிப்பாகப் பட்டியலில் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். வேறு மாடல் காயிலை ராவித் தேய்த்து உள்ளே நுழைப்பதை நான் ஏற்கவில்லை. காயிலின் இரும்பு முனைக்கும் சுழலும் காந்தத்துக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளிதான். அது ஒரு பக்கம் குறைந்தால் ஃப்ளைவீல் உரசும், அதிகரித்தால் மின்சாரம் வராது.

ஃப்ளைவீலைக் கழற்றும்போது கவனிக்க வேண்டியவை என்ன?

இந்த வேலையில் பணம் வீணாவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். ஃப்ளைவீல், கிராங்க் தண்டின் கூம்பு வடிவ நுனியில் இறுகி உட்கார்ந்திருக்கிறது. நட்டைக் கழற்றியதும் ஸ்க்ரூடிரைவரால் நெம்புவது, சுத்தியலால் விளிம்பில் தட்டுவது இரண்டும் கூடாது. விளிம்பில் விழும் அடி உள்ளே ஒட்டியிருக்கும் காந்தத்தைப் பெயர்த்துவிடும். தண்டின் நுனியில் விழும் அடி பேரிங்குக்குப் போகும். ஃப்ளைவீலின் நடுப்பகுதியில் மரை போட்ட இரண்டு அல்லது மூன்று துளைகள் இருக்கும். அவற்றில் போல்ட் ஏற்றி இழுக்கும் தட்டையான புல்லர்தான் இதற்கு உரியது. விளிம்பைக் கவ்வும் கால் புல்லர் வேண்டாம். மஸ்ஜித் பந்தர் அருகே நாக்தேவி தெருவில் கைக்கருவிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மரை அளவைக் குறித்துக்கொண்டு போனால் பொருத்தமான புல்லரும் போல்ட்டும் கிடைக்கும்.

திரும்ப ஏற்றும்போது தண்டின் கூம்பையும் ஃப்ளைவீலின் உட்பக்கத்தையும் தின்னரால் துடைத்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் உலர்ந்த நிலையில் பொருத்துங்கள். பிடிப்பைத் தருவது அந்தக் கூம்புதான். தண்டுக்கும் ஃப்ளைவீலுக்கும் இடையே செருகியிருக்கும் அரைவட்டச் சாவி ஃப்ளைவீலை அதன் சரியான இடத்தில் நிறுத்துவதற்காக மட்டுமே இருக்கிறது. சாவி நசுங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். நட்டை எஞ்சின் கையேட்டில் சொன்ன டார்க் (இறுக்கும் விசை) அளவுக்கு இறுக்குங்கள். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வைத்து, ஃப்ளைவீலைக் கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றிக் காது கொடுத்துக் கேளுங்கள். காந்தம் காயிலைக் கடக்கும் இடங்களில் கை லேசாகத் தடைப்படுவது இயல்பு. சர் என்று உலோகம் உரசும் ஒலி கேட்டால் அப்படியே நிறுத்தி, காயிலைத் திரும்ப நேராக்க வேண்டும்.

எவ்வளவு மின்சாரம் கிடைக்கும்?

சிறிய எஞ்சின்களில் 60 வாட் அல்லது 80 வாட் காயில்கள் வழக்கம். அதாவது 12 வோல்ட்டில் 5 முதல் 6.5 ஆம்பியர் வரை. இது எஞ்சின் முழு வேகத்தில், நிமிடத்துக்கு 5000 சுற்றை ஒட்டி ஓடும்போது கிடைக்கும் அளவு. வலை இழுக்கும்போதும், தூண்டில் போட்டு மெதுவாக நகரும்போதும், சும்மா ஓடவிடும்போதும் பேட்டரிக்குள் போவது மிகக் குறைவு. சில எஞ்சின்களில் அப்போது எதுவுமே போவதில்லை.

அது போதுமா?

காயில் வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. மாலை ஆறு மணிக்குக் கிளம்பிக் காலை ஆறு மணிக்குத் திரும்பும் ஒரு படகைக் கணக்குப் பார்க்கலாம். எல்.இ.டி. வழிகாட்டு விளக்குகள் 0.3 ஆம்பியர் வீதம் 12 மணி நேரத்துக்கு 3.6 ஆம்பியர்-அவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய அளவு). வலை வேலைக்கு 12 வாட் விளக்கு 4 மணி நேரம்: 4. மீன் காட்டும் கருவி 0.5 ஆம்பியர் வீதம் 8 மணி நேரம்: 4. வயர்லெஸ் பெட்டி கேட்டுக்கொண்டிருக்க 0.4 ஆம்பியர் வீதம் 4.8, பேசும்போது 5 ஆம்பியர் இழுத்தாலும் மொத்தம் ஆறு நிமிடப் பேச்சுக்கு 0.5. இரண்டு செல்போன்களை முழுதாக ஏற்ற ஏறக்குறைய 4. கூட்டினால் 21 ஆம்பியர்-அவர் ஆகிறது.

வரவைப் பாருங்கள். போக இரண்டு மணி, வர இரண்டு மணி நேரம் நல்ல வேகத்தில் ஓடினால், சராசரி 4 ஆம்பியர் என்று வைத்து 16 ஆம்பியர்-அவர். லெட் ஆசிட் பேட்டரி உள்ளே வாங்கியதில் 85 விழுக்காடு அளவுதான் திருப்பித் தரும் என்பதால் கையில் நிற்பது 13 அல்லது 14. ஒவ்வொரு இரவும் 7 ஆம்பியர்-அவர் குறைகிறது. காயில் மட்டும் இருந்தால் இந்தப் படகின் பேட்டரி ஒரு வாரத்துக்குள் படுத்துவிடும், பழி காயிலின் மேல் விழும். செலவைக் குறைக்க வேண்டும், அல்லது சிறிய சோலார் பேனலையும் சேர்க்க வேண்டும், அல்லது வாரத்துக்கு இரண்டு முறை கரையில் சார்ஜ் போட வேண்டும். உங்கள் படகின் கருவிகளை வைத்து இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்க்காமல் ஃப்ளைவீலைத் தொடாதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள்.

ரெக்டிஃபையர், ரெகுலேட்டர் இரண்டும் வேண்டுமா?

காயிலில் வருவது ஏ.சி. மின்சாரம். பேட்டரிக்கு டி.சி. வேண்டும். அதை மாற்றுவது ரெக்டிஃபையர். மாற்றிய பிறகும், எஞ்சின் வேகத்துக்கேற்ப வோல்ட் ஏறிக்கொண்டே போகாமல் 14.4 வோல்ட்டை ஒட்டி நிறுத்துவது ரெகுலேட்டர். பழைய எஞ்சின்களில் ரெக்டிஃபையரை மட்டும் வைத்து விட்டுவிடுவார்கள். தண்ணீர் ஊற்றும் பெரிய பேட்டரி, 5 ஆம்பியர் காயில், பகலில் சில மணி நேர ஓட்டம் என்றால் பேட்டரியே அதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் பேட்டரி நிறைந்த பின்பும் நீண்ட நேரம் ஓடினால் வோல்ட் 15-ஐயும் தாண்டும், பேட்டரித் தண்ணீர் வற்றும், மின்னணுக் கருவிகள் பாதிக்கப்படும். சீல் செய்த பேட்டரிக்கு இந்த முறை கட்டாயம் ஒத்துவராது. ரெகுலேட்டரும் சேர்ந்த ஒற்றை யூனிட்டாகவே வாங்கிவிடுவது என் பரிந்துரை.

ரெக்டிஃபையர் மட்டும் வைப்பவர்கள் லாமிங்டன் ரோடு கடைகளில் கே.பி.பி.சி. 3510 என்று கேட்டால் நான்கு கால் கொண்ட சதுரமான உலோக பிரிட்ஜ் கிடைக்கும். ஒரு கால் மட்டும் மற்ற மூன்றிலிருந்து திரும்பி நிற்கும், அது பாசிட்டிவ். அதற்கு மூலைவிட்டத்தில் இருப்பது நெகட்டிவ். மற்ற இரண்டும் காயில் வயர்களுக்கு. 5 ஆம்பியர் ஓடும்போது இதில் 9 வாட் அளவு வெறும் சூடாகவே போகிறது என்பதால், அலுமினியத் தட்டில் தெர்மல் பேஸ்ட் தடவித் திருகி வையுங்கள்; பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்தால் வெந்துவிடும்.

பைக்கின் நாலு வயர் ஆர்.ஆர். (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) யூனிட்டைப் போடலாமா? குர்லாவில் மலிவாகக் கிடைக்கிறதே.

இதற்கு விடை சொல்ல, உங்கள் காயிலின் ஒரு முனை எர்த் ஆகியிருக்கிறதா, அதாவது எஞ்சின் உடம்போடு இணைந்திருக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும். காயிலின் இரண்டு வயர்களையும் எல்லா இணைப்பிலிருந்தும் விடுவித்து, ஒவ்வொன்றுக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையே மீட்டரால் பாருங்கள். இரண்டிலும் தொடர்பு இல்லையென்றால் காயில் தனித்து நிற்கிறது. அதற்கு ஏ.சி. அலையின் இரண்டு பாதிகளையும் பயன்படுத்தும் முழு அலை ரெக்டிஃபையர் (மேலே சொன்ன பிரிட்ஜ் வகை) உகந்தது. தொடர்பு இருந்தால் காயிலின் ஒரு முனை உள்ளேயே எர்த் ஆகியிருக்கிறது என்று பொருள்.

பழைய 100 சிசி பைக்குகளில் வந்த நாலு வயர் யூனிட், எர்த் ஆன காயிலுக்காகச் செய்யப்பட்டது. அது அலையின் ஒரு பாதியைப் பேட்டரிக்கும் மறு பாதியை ஹெட்லைட்டுக்கும் அனுப்பும். தனித்து நிற்கும் காயிலில் அதைப் போட வேண்டுமானால் காயிலின் ஒரு முனையை எர்த் செய்ய வேண்டியிருக்கும். அப்படிச் செய்தாலும் கிடைக்கிற கொஞ்ச மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி பேட்டரிக்குப் போகாது. இதற்கு எதிரான தவறு இன்னும் ஆபத்தானது. எர்த் ஆன காயிலை முழு அலை பிரிட்ஜில் இணைத்து, பேட்டரி நெகட்டிவையும் எஞ்சின் உடம்பில் கட்டினால், பிரிட்ஜுக்குள் இருக்கும் ஒரு டயோடின் வழியாகக் காயில் நேராக ஷார்ட் ஆகிவிடும். பிரிட்ஜ் சுடும், காயில் கருகக்கூடும், பேட்டரி சரியாக ஏறாது. உள்ளே எர்த் ஆகும் முனை ஒரு திருகில்தான் முடிகிறது என்றால் அதை விடுவித்துத் தனி வயராக வெளியே எடுத்துவிடலாம். பெரும்பாலும் அதுவே நல்ல வழி.

காயிலை வைண்டிங் கடையில் கொடுத்து இன்னும் அதிக ஆம்பியருக்குச் சுற்றலாமா?

கருகிய காயிலைப் பழைய சுற்றுக் கணக்கிலேயே, அதே கம்பி அளவில் சுற்றி வாங்குவது சரி. அதிக ஆம்பியருக்காகச் சுற்றைக் கூட்டினால் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாகவே நடக்கும். நிலைக்காந்த ஜெனரேட்டரில் ஓர் எல்லைக்கு மேல் மின்னோட்டத்தைத் தடுப்பது காயிலின் சொந்தத் தூண்டல்தான் (மாறும் மின்னோட்டத்தைக் காயில் தானே எதிர்க்கும் தன்மை). சுற்று கூடினால் குறைந்த வேகத்திலேயே சார்ஜ் தொடங்கும், ஆனால் உச்ச ஆம்பியர் குறையும். சுற்றைக் குறைத்துத் தடித்த கம்பி போட்டால் உச்சம் ஏறும், ஆனால் மெதுவாக ஓடும்போது ஒன்றும் வராது. எப்போதும் மெதுவாகவே ஓடும் கழிமுகப் படகுக்கு முதல் வகை உதவக்கூடும். எது செய்தாலும் இரண்டும் ஒருசேரக் கிடைப்பதில்லை.

எந்தப் பேட்டரி நல்லது?

12 வோல்ட், 35 முதல் 60 ஆம்பியர்-அவர் கொள்ளளவுள்ள லெட் ஆசிட் பேட்டரி போதும். அதன் கொள்ளளவில் பாதிக்கு மேல் இறக்காமல் பார்த்துக்கொண்டால் நெடுநாள் உழைக்கும். சில மணி நேரம் சும்மா இருந்த பேட்டரியில் 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 11.8 என்றால் தீர்ந்துவிட்டது. பேட்டரியைப் பெட்ரோல் டாங்கிலிருந்து தள்ளி, காற்றோட்டமுள்ள பெட்டியில் பட்டை போட்டுக் கட்டுங்கள்; சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி எடை குறைவு, ஆழமாக இறக்கினாலும் தாங்கும். ஆனால் அதற்குள் இருக்கும் பாதுகாப்புப் பலகை, பேட்டரி நிறைந்ததும் தானே இணைப்பைத் துண்டித்துவிடும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்படி நடந்தால், அடுத்த கேள்வியில் சொல்லும் ஆபத்து நேரும். லித்தியத்துக்கு ஏற்றது என்று தெளிவாகக் குறிக்கப்பட்ட ரெகுலேட்டர் இல்லாமல் அதைக் காயிலோடு இணைக்க வேண்டாம்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றினால் என்ன ஆகும்?

ரெகுலேட்டர் இல்லாத ஏற்பாட்டில், சுமை இல்லாத காயிலின் வோல்ட் முழு வேகத்தில் 12-ஐப்போல் பல மடங்கு ஏறும். அந்த நேரத்தில் அதே லைனில் இருக்கும் வயர்லெஸ் பெட்டியும் மீன் காட்டும் கருவியும் அந்த வோல்ட்டை வாங்கிக்கொள்ளும். துருப்பிடித்த டெர்மினல் ஒன்று அலையின் குலுக்கலில் விட்டுவிட்டுத் தொட்டாலும் இதே விளைவுதான். ஆகவே காயிலிலிருந்து பேட்டரிக்குப் போகும் பாதையில் யாரும் தெரியாமல் அணைக்கக்கூடிய ஸ்விட்ச் இருக்கக் கூடாது. விளக்குகளுக்கும் கருவிகளுக்கும் போகும் பாதையில் மட்டும் ஸ்விட்ச் வையுங்கள். பேட்டரி இல்லாமல் ஒரு நாள் எஞ்சினை ஓட்ட வேண்டியிருந்தால், காயில் வயர்களை ரெக்டிஃபையருக்கு முன்பே பிரித்து, இரண்டு நுனிகளையும் தனித்தனியாக டேப் சுற்றிவிடுங்கள். பேட்டரியை மாற்றி இணைத்தால், அதாவது பாசிட்டிவ் இருக்க வேண்டிய இடத்தில் நெகட்டிவ் வந்தால், டயோடுகள் அந்த நொடியே போய்விடும்.

எந்த வயர், எந்த ஃப்யூஸ்?

எஞ்சினிலிருந்து பேட்டரி 3 மீட்டருக்குள் இருந்தால் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி போதும்; போக வர 6 மீட்டரில் 6 ஆம்பியருக்கு ஏறக்குறைய கால் வோல்ட் இழப்பு வரும். அதற்கு மேல் தூரம் என்றால் 4 சதுர மில்லிமீட்டர். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃப்யூஸ் கட்டாயம் வேண்டும். வயர் எங்கேயாவது உரசி ஷார்ட் ஆனால் அதைச் சுட்டெரிப்பது பேட்டரியின் மின்சாரம்தான், அதனால்தான் ஃப்யூஸ் பேட்டரிப் பக்கம் இருக்க வேண்டும்.

லோகார் சாலில் வீட்டு வயரிங்குக்கு விற்கும் வயர் உப்புக்காற்றில் உழைக்காது. ஒரு மழைக்காலம் கடந்த வயரை நுனியிலிருந்து இரண்டு அங்குலம் உரித்துப் பார்த்தால், வெளியே உறை பளபளப்பாக இருக்க உள்ளே செம்பு கறுத்துப் பொடியாக உதிர்வதைக் காணலாம். உப்பு நீர் இழைகளுக்கு இடையே ஏறி அவ்வளவு தூரம் தின்றிருக்கும். வெள்ளீயம் பூசிய பல இழைக் கம்பி கேட்டு வாங்குங்கள். வயர் நுனியில் மாட்டும் உலோக லக்கைக் கிரிம்ப் செய்து (நசுக்கி இறுக்கி), உள்ளே பசையுள்ள சுருங்கும் குழாயால் மூடுங்கள். டெர்மினலில் வாசலின் தடவுங்கள். வயரைக் கைப்பிடி தூரத்துக்கு ஓர் இடமாகக் கட்டி நிறுத்துங்கள். ஆனால் எஞ்சின் இடமும் வலமும் திரும்பும், மேலே தூக்கப்படும், அந்த அசைவுக்கு வயரில் தளர்வு வேண்டும்.

வேலை முடிந்தபின் சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

எஞ்சினைத் தண்ணீர் இல்லாமல் ஓட்ட வேண்டாம். குளிர்விக்கும் தண்ணீரை இறைக்கும் இம்பெல்லர் நொடிகளில் கருகும். தண்ணீர் நிரப்பிய ட்ரம்மில் மெதுவாகக் கிளப்பிப் பார்த்துவிட்டு, மீதிச் சோதனையைப் படகில் வைத்துச் செய்யுங்கள். பேட்டரி முனைகளிலேயே டி.சி. வோல்ட் அளக்க வேண்டும். நிறுத்திய நிலையில் 12.5 இருந்தது என்றால், நடு வேகத்தில் 13-ஐத் தாண்டி, முழு வேகத்தில் 13.8 முதல் 14.4-க்குள் நிற்பது நல்லது. வேகம் ஏறியும் வோல்ட் அசையவில்லை என்றால் காயிலில் ஏ.சி. வருகிறதா என்று முதலில் பாருங்கள். வருகிறதென்றால் பிரிட்ஜும் எர்த் இணைப்பும் அடுத்த சந்தேகம். 15-ஐத் தாண்டினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

இதனால் எஞ்சினின் இழுவை குறையுமா, பெட்ரோல் அதிகம் குடிக்குமா?

குறையாது என்றே சொல்லலாம். ஒரு குதிரைத்திறன் 746 வாட். காயிலுக்கு எஞ்சின் செலவிடுவது ஏறக்குறைய 100 வாட்.

காயில் போட்டுவிட்டால் செல்ப் ஸ்டார்ட் வைக்கலாமா?

செல்ப் ஸ்டார்ட்டுக்கு ஸ்டார்ட்டர் மோட்டாரும், பற்கள் உள்ள ஃப்ளைவீலும், கியரில் இருக்கும்போது கிளம்பாமல் தடுக்கும் ஸ்விட்சும் வேண்டும். அது வேறு செலவு. பெரும்பாலான சிறிய எஞ்சின்களில் செல்ப் ஸ்டார்ட் உள்ள புதிய எஞ்சினே வாங்குவது சிக்கனம்.

சோலார் மட்டும் வைத்தால் போதாதா?

பல படகுகளுக்குப் போதும், இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 50 வாட் பேனல், நிழல் விழாத இடத்தில், நல்ல வெயில் நாளில் 12 ஆம்பியர்-அவர் அளவு தரும். எஞ்சினைத் தொடவே வேண்டியதில்லை, படகு கரையில் நிற்கும்போதும் ஏறிக்கொண்டிருக்கும். பகலில் நிறுத்தி இரவில் ஓட்டும் படகுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். நீண்ட தூரம் வேகமாக ஓடும் படகுக்கும், பேனல் வைக்க இடமே இல்லாமல் வலை குவிந்திருக்கும் படகுக்கும் காயில் பயன் தரும். முன்பு போட்ட கணக்கில் 7 ஆம்பியர்-அவர் குறைந்த படகுக்கு இரண்டும் சேர்ந்தால் தாராளம். இரண்டையும் ஒரே பேட்டரியில் அதனதன் ரெகுலேட்டர் வழியாக இணைக்கலாம். ஒன்று மற்றதைக் கெடுக்காது.

மழைக்காலத் தடைக் காலத்தில் என்ன செய்ய வேண்டும்?

மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையுள்ள மீன்பிடித் தடையில் படகு கரையேறும்போது, பேட்டரியை முழுதாக ஏற்றி வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிடுங்கள். தண்ணீர் ஊற்றும் வகையானால் காய்ச்சி வடித்த நீர் மட்டம் பார்த்து, மாதம் ஒரு முறை மீண்டும் சார்ஜ் போடுங்கள். இறங்கிய நிலையில் இரண்டு மாதம் கிடந்த லெட் ஆசிட் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். எஞ்சினை நல்ல தண்ணீரில் ஓட்டி அலசிய பின், பிரிட்ஜின் அலுமினியத் தட்டைக் கழற்றி உப்பைத் துடையுங்கள், எர்த் திருகை அவிழ்த்து உலோகம் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து வாசலின் பூசி மறுபடி இறுக்குங்கள். ஆகஸ்டில் படகை இறக்கும் முன் காயிலின் ஓம் அளவை ஒரு முறை எடுத்து, பொருத்திய நாளில் எழுதி வைத்த அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.